கன்று கப்பலில் வந்தது, வண்டு?

சீசனுக்குக் குற்றாலம் போனவங்க மங்குஸ்தான் வாங்காம திரும்பியிருக்க மாட்டீங்க. அதே மலைச்சரிவில் விளையும் ஜாதிக்காயை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஆனால் எனக்கு அந்த மரத்தின் கதைதான் பிடித்திருக்கிறது.

1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஒரு வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டது. மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரர்கள் பொத்திப் பாதுகாத்த கிராம்பும் ஜாதிக்காயும் இங்கே பிடிக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். நிழலும் சாரலும் ஒத்துக்கொண்டன. இந்தியாவில் கிராம்பு சாகுபடி தொடங்கியதே இந்தத் தோட்டத்தில்தான்.

மங்குஸ்தான் காய்க்க மகரந்தம் வேண்டாம். ஜாதிக்காய் அப்படியில்லை. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் பூவின் மகரந்தத்தை யாராவது சுமந்து போனால்தான் காய். அந்த 'யாராவது' தேனீன்னு நினைச்சா, அதுவும் இல்லை. தென்னிந்திய ஜாதிக்காய் மரங்களைக் கவனித்து 1986-இல் வெளியான ஓர் ஆய்வு, எறும்பு மாதிரி தோற்றமுள்ள ஒரு சின்ன வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டியது. கப்பலில் கன்றைத்தான் ஏற்றினாங்க, வண்டை யாரும் ஏற்றலை. வந்த மரத்துக்கு உள்ளூர்ப் பூச்சி வேலை பார்த்தது, கூலி கேட்காமல்.

இப்போது பாதுகாப்புத் திட்டங்களுக்கு வருவோம். 2015-இல் இந்தப் பக்கத்துக் காடுகள் நெல்லை வனவிலங்கு சரணாலயம் ஆயின. நல்ல காரியம். 2016-இல் ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 சதவீதத்துக்கு மேல் ஓரளவாவது மகரந்தச் சேர்க்கை உயிர்களை நம்பியிருப்பதாகச் சொன்னது. ஆனால் திட்டம் போடும்போது நம் கண்ணில் படுவது பெரிய உயிர்கள்தான். பூச்சியிலும்கூட, பாறையில் அடை கட்டும் மலைத்தேனீ கண்ணில் பட்டது, தேனருவிக்குப் பெயரும் கிடைத்தது. சருகிலும் மண்ணிலும் திரியும் வண்டுக்குப் பெயர் வைக்க யாருமில்லை.

சரணாலய எல்லை தோட்டத்து வேலியோடு முடியலாம், வண்டுக்கு அந்த வேலி தெரியாது. அதனால் திட்டம் தோட்டத்துக்குள்ளும் வரணும்: எந்தப் பூச்சி எந்தப் பூவுக்கு வருதுன்னு முதலில் கணக்கு, பூக்கும் மாதத்தில் மருந்தடிக்காமை, மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமை. ஒரு ஊருக்குப் பெரிய செலவு வைக்கும் விஷயங்கள் இல்லை இவை.

தென்காசிப் பக்கம் ஜாதிக்காய் மரம் வச்சிருக்கிறவங்க, பூக்கும் நாளில் பொழுது சாய்ந்தபின் ஒரு டார்ச்சோட போய்ப் பாருங்க. என்ன ஊர்ந்ததுன்னு எனக்கும் எழுதுங்க.