குற்றத்திற்குப் பின் ஆட்டம்



ஓசூர்ப் பகுதிப் பள்ளி மைதானம் ஒன்றில் நான் கண்ட கூடைப்பந்தாட்டம் நினைவிற்கு வருகிறது. ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். எல்லைப்புறமாதலால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து முழங்கின. கூடையை நோக்கித் தனியே ஓடிய ஒருவனைப் பின்னால் வந்தவன் பிடித்துத் தள்ளிவிட்டான். விழுந்தவனுக்கு நடுவர் இரண்டு தடையற்ற எறிகளை அளித்தார். இரண்டும் தவறின. ஆயினும், பந்து மீண்டும் அவன் கட்சிக்கே தரப்பட்டது. "ஒரு குற்றத்திற்கு இரண்டு தண்டனையா, ஐயா?" என்று அருகிலிருந்த மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி, அதன் விடை வரலாற்றில் இருக்கிறது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் கூடத்திற்குள் ஆடத்தக்க, முரட்டுத்தனமற்ற ஆட்டமே அவர் நாடியது. எனவே அவர் வகுத்த 13 விதிகளில், இடித்தலும் பிடித்தலும் தள்ளலும் இடறிவிடலும் அடித்தலும் விலக்கப்பட்டன. இரண்டாம் முறை குற்றம் புரிந்தவன் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்கவேண்டும். காயப்படுத்தும் எண்ணம் தெளிவானால் ஆட்டம் முடியும்வரை வெளியேற்றம். அவனுக்கு மாற்றாளும் இல்லை. ஒரு கட்சி தொடர்ந்து மூன்று பவுல் செய்தால் எதிர்க்கட்சிக்கு ஒரு கோல்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. குற்றவாளி தண்டிக்கப்பட்டான், ஆனால் வாய்ப்பை இழந்தவனுக்கு உடனே ஈடு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் தடையற்ற எறி வந்து அக்குறையைத் தீர்த்தது. 1895இல் அதன் தூரம் 15 அடி என்றாயிற்று. தொடக்கத்தில் கட்சியின் சிறந்த எறிவீரரே எல்லா எறிகளையும் எறியலாம். பின்னர், பாதிக்கப்பட்டவரே எறியவேண்டும் என்றானது.

அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் பல பள்ளிகளுக்கும் சென்று, ஆட்டத்தோடு அதன் ஒழுங்கையும் கற்பித்தனர். 1932இல் அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெற்றது. விதிகள் உலகப் பொதுவாயின.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். சாதாரணப் பவுலில், கடைசி எறி தவறினால் இரு கட்சியாரும் பந்துக்குப் போட்டியிடலாம். எறி கூடையில் விழுந்தால் பந்து எதிர்க்கட்சிக்குப் போகும். வேண்டுமென்றே செய்த கடுங்குற்றத்திற்கும் இதுவே விதியானால், உறுதியான கோலைத் தடுக்க ஒருவனைத் தள்ளுவது இலாபமான வணிகமாகிவிடும்! ஆகவே பண்பற்ற பவுலிலும், ஆட்டத்திலிருந்தே நீக்கும் பவுலிலும் எறிபவர் தனியே நின்று எறிவார். மற்றையோர் விலகி நிற்பர். எறி விழுந்தாலும் தவறினாலும் பந்து அவர் கட்சிக்கே. முன்பு நடுக்கோட்டருகிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்ந்தனர். 2018 முதல், எதிர்க்கட்சியின் கூடையுள்ள பாதியில் குறிக்கப்பட்ட கோட்டிலிருந்து எறிகின்றனர். இரண்டு முறை பண்பற்ற பவுல் செய்தவர் ஆட்டத்திலிருந்து நீக்கப்படுவார்.

ஆகவே மாணவர்களே, அவை இரண்டு தண்டனைகள் அல்ல. எறிகள், இழந்த வாய்ப்புக்கு ஈடு. பந்து, குற்றத்தால் இலாபம் வராமல் காக்கும் காவல். தள்ளப்பட்டவன் திருப்பித் தள்ளவேண்டியதில்லை. அவனுக்காக விதி பேசுகிறது. மூன்று மொழி பேசும் பிள்ளைகள் ஒரு விசிலுக்குப் பணிந்து மீண்டும் ஆடத் தொடங்குகிறார்களே, அதுவே இவ்விதியின் வெற்றி.