அரியாங்குப்பத்து மண் கூறும் வரலாறு

வரலாற்றைக் கண்ணாரக் காண விரும்புவோர் பெரும்பாலும் கோட்டை கொத்தளங்களையும் கோபுரங்களையும் நாடிச் செல்வர். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரியாங்குப்பத்தில், காணவேண்டியவற்றுள் தலையாயது மண்ணுக்குள் இருக்கிறது. அதுவே அரிக்கமேடு.

ஆற்றங்கரையில் மரங்கள் அடர்ந்த மேடு அது. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. மேலே தெரியும் இடிந்த சுவர்களைப் பழந்தமிழர் மாளிகை என்று மயங்கிவிடலாகாது. அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் எச்சங்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட ஊர் அடியில் உறங்குகிறது.

வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை 1769இல் காணப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜான்டில், இங்குள்ள பழைய இடிபாடுகளைக் குறித்து எழுதினார். எனினும் 1937ஆம் ஆண்டளவில் ழூவோ துப்ரேய் என்னும் அறிஞர் ரோமானியத் தலையுருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்றைக் கண்ட பின்னரே இம்மேட்டின் பெருமை பரவலாயிற்று. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் கசாலும் இங்கே அகழ்ந்தனர்.

வீலர் கண்ட பொருள்களுள் பொன்னும் மணியும் மட்டுமே சிறந்தவை என்று எண்ணவேண்டா. உடைந்த ஓடுகளே அவருக்குப் பெருஞ்செல்வமாயின. இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செந்நிறப் பளபளப்புத் தட்டுகளின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலானது என்பது முன்னரே தெரிந்திருந்தது. அவை கிடைத்த மண்ணடுக்குகளை ஒட்டி, உட்புறம் புள்ளி வளையங்கள் பொறித்த இந்நாட்டுத் தட்டுகளும் கிடைத்தன. ஆகவே அவற்றின் காலத்தையும் கணிக்க முடிந்தது. பின்னர் அத்தகைய தட்டு கிடைத்த பிற ஊர்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு அரிக்கமேடு ஒரு நாட்காட்டியாக அமைந்தது!

மது கொணர்ந்த சாடிகளின் துண்டுகள், பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள், 150 அடிக்கு மேல் நீளமான ஒரு கட்டடத்தின் அடித்தளம், கல்லாலும் கண்ணாடியாலும் ஆன மணிகள் ஆகியவையும் வெளிப்பட்டன. பண்டைக் கிரேக்க நூல்கள் கூறும் பொதுகே துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயினும் ரோமர் வந்து அமைத்த ஊர் இது என்று கொள்வது பொருந்தாது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய ஆய்வு, ரோமானியப் பண்டங்கள் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதையும், அவ்வாணிகம் தளர்ந்த பின்னும் ஊர் நிலைத்தது என்பதையும் காட்டியது. மணி செய்த கைகள் இந்நாட்டுக் கைகளே.

அரியாங்குப்பம் போரையும் கண்டது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது, இங்கிருந்த சிறு கோட்டை அவரைப் பல நாட்கள் தடுத்து நிறுத்தியது. வெடிமருந்து தீப்பற்றியதால் பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட நேர்ந்தது. ஆனால் இழந்த நாட்களை ஆங்கிலேயர் மீட்க இயலவில்லை. மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டனர். அக்காலப் புதுச்சேரியை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பெருந்துணை புரியும்.

அருகே கடற்கரையில் உள்ளது வீராம்பட்டினம். அங்குச் செங்கழுநீர் அம்மனுக்கு ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியன்று தேரோட்டம் நிகழும். பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநர் வடம் பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. பின்னர்ப் புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குச் சென்றால் அரிக்கமேட்டு மணிகளையும் ஓடுகளையும் நேரில் காணலாம்.

மாணவர்களே, அம்மேட்டில் நடக்கும்போது காலடியில் ஒரு மணியோ ஓடோ தென்படலாம். அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் இட்டுக்கொள்ள மனம் விழையும். அவ்வாறு செய்யாதீர்கள். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்பதே அதன் சாட்சியம். இடம் பெயர்ந்த ஓடு வாய் பேசாது. அரெட்சோத் தட்டும் நம் நாட்டுத் தட்டும் அவை கிடந்த அடுக்குகளிலேயே ஈராயிரம் ஆண்டுகள் கலையாதிருந்தமையால்தான் நம் வரலாற்றில் ஓர் ஏடு நமக்குக் கிட்டியது. எஞ்சிய ஏடுகள் இன்னும் அங்கே மண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கலையாமல் காத்து, பின்வரும் தலைமுறைக்கு ஒப்படைப்பது நம் கடன்.