எக்ஸெல் கைவிரித்த இடம்

'போருக்குப் போகாம இருந்திருந்தா?'ன்னு பேஸ்பால் ரசிகர்கள் அடிக்கடி கேக்கறது டெட் வில்லியம்ஸைப் பத்திதான். அடிச்சது 521 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). 1943-45, மூணு வருஷம் ராணுவத்துல போச்சு. 1942-ல 36, திரும்பி வந்த 1946-ல 38. நடுவுல வருஷத்துக்கு 37-ன்னு எக்ஸெல்ல போட்டேன்: 632! (கொரியப் போரை இன்னும் சேர்க்கலை.)

அடுத்து ஜோஷ் கிப்சன். கறுப்பர்ங்கறதால மேஜர் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடவிடலை. ஜாக்கி ராபின்சன் உள்ளே நுழைஞ்சது 1947 ஏப்ரல். கிப்சன் அந்த ஜனவரியிலயே 35 வயசுல செத்துப்போயிட்டார். முன்வருஷம் பின்வருஷம் எதுவுமே இல்லாம எதை வெச்சு சராசரி போடறது?

1966-ல ஹால் ஆஃப் ஃபேம் மேடையில, வாய்ப்பே தராததாலதான் கிப்சன் மாதிரி ஆளுங்க இங்க இல்லைன்னு ஒருத்தர் பேசினார். யாரு? அதே டெட் வில்லியம்ஸ்.