இணைய முகவரியில் எழுத்தும் எண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுத்துக்கும் கணிப்பொறி எண்ணுக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, உடன்பாட்டால் அமைவது. அவ்வுடன்பாடு குறிக்கப்படாதபோது எழுத்து பொருளிழக்கின்றது என்பதை இணைய முகவரிகளின் வரலாறு தெளிவுறுத்துகின்றது. தளப்பெயருக்குத் தனிமுறை உண்டாதலின், இக்கட்டுரை அதனையடுத்து வரும் பகுதிகளையே ஆராய்கின்றது.

1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீ முதலியோர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1738 என்னும் ஆவணம், ஆஸ்கித் தொகுதியின் ரோமன் எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றையே முகவரியில் நேரடியாக அனுமதித்தது. அவற்றுள்ளும் சாய்கோடு, வினாக்குறி, & போன்றவை முகவரியின் உறுப்புகளைப் பிரிக்கும் இலக்கணக் குறிகளாகும். இவை செய்தியின் பகுதியாக வரும்போதும், அனுமதி பெறாதவை வரும்போதும், % குறியும் இரு பதினாறடிமான இலக்கங்களும் கொண்டு எழுதப்பெறும். இடைவெளி %20 ஆகும்; & என்பது %26 ஆகும்.

இவ்விதி பைட்டுகளைப் பற்றியதேயன்றி எழுத்துகளைப் பற்றியதன்று. ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட பைட்டு எம்மொழி எழுத்தைக் குறிக்கும் என்பதை அது வரையறுக்கவில்லை. 1990களின் இறுதியில் தமிழுக்குத் திஸ்கியும், தமிழக அரசு 1999இல் அறிவித்த டாப், டாம் குறியாக்கங்களும் இருந்தன. ஆகவே ஒரே % தொடரை வெவ்வேறு தமிழெழுத்தாகப் படிக்க இயன்றது.

2005 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3987 இக்குறையை நீக்க முற்பட்டது. யூனிகோடு எழுத்தை முதலில் யூ.டி.எஃப்-8 பைட்டுகளாக்கி, அதன்பின் % வடிவம் தரவேண்டும் என்பது அதன் நெறி. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாகி, 9 குறிகளாக விரியும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறியெண்கள் உள்ளன. முகவரியில் அது 45 குறிகளாகின்றது.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. ‘சொல்’ என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றே, முகவரியிலோ முன்னது 36 குறிகள், பின்னது 45. மென்பொருள் இவற்றை இருவேறு சொற்களாகவே கொள்ளும். மின்னகராதியில் ஒன்றனைத் தேடும் மொழிபெயர்ப்பாளர், மற்றொன்றின்கீழ் உள்ள பதிவைக் காணாமற் போகலாம். இதனைத் தவிர்க்கவே யூனிகோடு இயல்பாக்கம் என்னும் ஒருமைப்படுத்தும் முறை வகுக்கப்பட்டது.

குறியாக்கத்தை இருமுறை செய்வதும் பிழையே. %20இல் உள்ள % மீண்டும் மாற்றப்பட்டு %2520 ஆகும். இடைவெளி மறைந்து ‘%20’ என்பதே சொல்லின் பகுதியாகிவிடும்.

எனவே இயல்பாக்கம் முதலிலும், உறுப்புதோறும் ஒருமுறை மட்டுமே குறியாக்கம் அதன்பின்னும் அமைதல் வேண்டும். மின்னகராதிகளையும் சொல்லடைவுகளையும் உருவாக்குவோர் இவ்வரிசையைப் பேணின், தமிழ்ச் சொல் தன் முகவரியை இழக்காது.