நடுகல்லில் மட்டும் மிஞ்சிய கேடயம்

ஓசூர் என்றால் சிப்காட், தொழிற்சாலைகள், கர்நாடக எல்லையில் நிற்கும் லாரி வரிசை... இவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இதே ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஆயுதம் ஏந்திய கல் வீரர்கள் நிற்கிறார்கள். மாடு கவர்ந்த சண்டையிலும் போரிலும் இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் இவை. பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வீரகல்லு.

இடைக்காலக் கேடயத்தைத் தேடுபவருக்கு இந்தக் கற்களே முக்கிய சாட்சி. வாள் துருப்பிடித்தாலும் ஒரு துண்டாவது மிஞ்சும். தோலாலும் பிரம்பாலும் மரத்தாலும் செய்த கேடயம் நம் மழைக்கும் கரையானுக்கும் தாங்குமா? நார்வேயில் 1880ல் தோண்டிய கோக்ஸ்டாட் கப்பலில் 64 மரக் கேடயங்கள் இருந்தன. அங்கே களிமண் காப்பாற்றியது. இங்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பொருள் போனாலும் பெயர் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் கேடயத்துக்குத் 'தோல்' என்றே பெயர். எதனால் செய்தார்கள் என்பதைச் சொல்ல வேறென்ன வேண்டும்! கிடுகு என்றும் ஒரு பெயர் உண்டு. முடைந்த தென்னங்கீற்றுக்கும் அதே பெயர்தான். பலகை என்ற பெயர் மரத்தைக் காட்டுகிறது.

செய்முறையைப் பிற்கால இந்திய வட்டக் கேடயங்களில் பார்க்கலாம். எருமைத் தோல் பச்சையாக இருக்கும்போது வளையும், காய்ந்தால் பலகைபோல் இறுகும். முன்புறம் பெரும்பாலும் நான்கு உலோகக் குமிழ்கள். வெறும் அலங்காரம் என்று தோன்றும். உண்மையில் உள்பக்கக் கைப்பிடி வளையங்களைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலையை மூடுபவை அவை. விரல் முட்டி அடிபடாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன மெத்தையும் உண்டு.

இனி கல்லுக்கு வருவோம். வீரனின் உயரத்தோடு கேடயத்தின் அகலத்தை ஒப்பிட்டால் உண்மை அளவு கிடைத்துவிடும் என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். சிற்பிக்கு வீரனின் முகமும் மார்பும் தெரிய வேண்டும். அதனால் கேடயத்தை ஓரமாகத் தள்ளியிருப்பான், சிறிதாக்கியும் இருக்கலாம். சண்டையில் அப்படிப் பிடித்தால் உயிர் போய்விடும். இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளும் ஏந்திய வீரர்களும் உண்டு. அவர்களுக்குக் கேடயம் பிடிக்க மூன்றாவது கை ஏது? ஆகவே ஒரு கல்லை வைத்து முடிவு கட்ட முடியாது. பல கற்களை, நின்ற இடம், எழுத்து, காலம் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மனை போடும்போதும் சாலை அகலமாகும்போதும் ஒரு கல்லைப் பெயர்த்து ஓரம் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பெயின்ட் பூசினால் கேடயத்தின் விளிம்புக் கோடு மறையும்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். வயலில் நிற்பதைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போவது நல்லது. சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த கோடுகள் எழுந்து தெரியும்.