மூன்றாம் இருக்கை: எம்.ஆர்.ஐ. வரலாற்றில் ஒரு வழக்கு

2003ஆம் ஆண்டு அக்டோபரில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அமெரிக்கரான பால் லாட்டர்பருக்கும் ஆங்கிலேயரான பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் அறிவிக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. எனும் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கலுக்கு வித்திட்டமைக்கான பரிசு அது. நோபல் விதிப்படி ஒரு பரிசை மூவர் வரை பகிரலாம். மூன்றாம் இருக்கை வெறுமையாகவே விடப்பட்டது. சில நாள்களில், வெட்கத்திற்குரிய இத்தவறு திருத்தப்பட வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளிவந்தன. அவற்றின் பின்னிருந்தவர் ரேமண்ட் டமேடியன் என்னும் மருத்துவர்.

வழக்கைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் குறிப்பிட்ட வானொலி அலையை ஏற்று, அதனைத் திருப்பியளித்துப் பழைய நிலைக்கு மீள்கின்றன. திட, திரவப் பொருள்களில் இவ்வொத்ததிர்வை 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்டு பர்செலும் தனித்தனியே கண்டனர். 1952இல் நோபல் பெற்றனர். பின்னர் நெடுங்காலம் அது பெரும்பாலும் வேதியியலாரின் சோதனைக்குழாயோடு நின்றது. (அந்நாளில் அதன் பெயரில் ‘அணுக்கரு’ என்ற சொல்லும் இருந்தது. எக்ஸ்-கதிர் போன்ற கதிர்வீச்சு இதில் இல்லையெனினும், மக்கள் அஞ்சுவர் என்றெண்ணி மருத்துவ உலகம் அச்சொல்லைக் கைவிட்டது.)

டமேடியன் எலிகளின் திசுக்களை ஆராய்ந்தார். புற்றுக்கட்டியிலுள்ள அணுக்கருக்கள் மீள்வதற்கு நலமான திசுவினும் நீண்ட நேரம் கொள்வதைக் கண்டு, 1971இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அவ்வாண்டே பிட்ஸ்பர்க் அருகே மற்றொருவர் அத்தகைய சோதனையைத் திரும்பச் செய்ய, அருகிருந்து நோக்கியவர் லாட்டர்பர். வேறுபாடு தெரிகிறது, ஆனால் அது உடலின் எவ்விடத்திலிருந்து வருகிறது? காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சீராகக் கூட்டிக் குறைத்தால், அதிர்வெண்ணே இடத்தைச் சொல்லிவிடும் என்று அவருக்குத் தோன்றிற்று. இரு சிறு நீர்க்குழாய்களின் படத்தோடு அவர் அனுப்பிய கட்டுரையை ‘நேச்சர்’ முதலில் மறுத்து, பின்னர் 1973இல் வெளியிட்டது. டமேடியனின் ஆய்வு அதில் சுட்டப்படவில்லை. அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயர் விடுபடுவதன் கனத்தை ஹதீஸ் கலை பயின்றோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மான்ஸ்ஃபீல்டு இம்முறைக்குக் கணித வடிவமும் வேகமும் தந்தார்.

டமேடியனோ தம் வழியில் ஒரு கருவி அமைத்தார். 1977 ஜூலை 3ஆம் நாள் அதனுள் மாணவர் ஒருவர் அமர, மார்பின் ஒரு குறுக்குவெட்டைப் புள்ளி புள்ளியாகத் திரட்ட ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. அம்முறை நிலைக்கவில்லை. எனினும் அவருடைய காப்புரிமையை நீதிமன்றம் ஏற்றது. 1997இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அவருடைய நிறுவனத்திற்கு 128.7 மில்லியன் டாலர் செலுத்த நேர்ந்தது.

நீதிமன்றம் ஒன்று சொல்ல, பரிசுக்குழு வேறொன்று சொல்லிற்று. படமாக்கும் கலை லாட்டர்பருடையதே என்பதில் எனக்கு ஐயமில்லை. விளம்பரத்தால் பரிசு கேட்டதும் அழகன்று. ஆயினும், நோயுற்ற திசு இம்முறையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எடுத்துரைத்தவருக்கு அவ்வெற்றிருக்கையை அளித்திருந்தால் எவர் பங்கும் குறைந்திராது.

லாட்டர்பர் 2007இலும், மான்ஸ்ஃபீல்டு 2017இலும், டமேடியன் 2022இலும் மறைந்தனர். இதனிடையே 2013இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் ‘கைரேகை முறை’ என்ற பெயரில் புதியதொரு வழியை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். வழக்கமான படம் திசுவின் கருமை வெண்மையையே காட்டும். இம்முறையோ அணுக்கருக்கள் மீளும் நேரத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணாகவே தருகிறது. மூளை, புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் கட்டிகளை இனம் பிரிக்க அதனைக் கொண்டு ஆய்வுகள் நடைபெறுகின்றன. எலித்திசுவில் டமேடியன் அளந்ததும் அந்நேரத்தையே.