அப்பாவின் கீபோர்டும் ஒருவழிப் பாதையும்: மிடி பற்றி ஒரு குறிப்பு

போன டிசம்பர் லீவுக்கு சாயர்புரம் போனப்போ, பரணிலிருந்து அப்பாவின் கீபோர்டை இறக்கினேன். 90-களின் கடைசியில் வாங்கியது. கோயில் பாடகர் குழுவுக்கு அப்பா அதில்தான் வாசிப்பார். தான் வர முடியாத நாளில் பிள்ளைகள் பாடிப் பழகட்டும் என்று சில பாட்டுகளைக் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிந்து வைத்திருந்தார். மொத்தம் பதினொன்று. அப்பா இப்போது இல்லை.

ஆன் செய்ததும் திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தது. உள்ளே இருக்கும் காசு சைஸ் பேட்டரி தீர்ந்தால் பாட்டுகள் அழிந்துவிடும். மாற்றலாம் என்று கழற்றினாலும் அழிந்துவிடும். அதற்கு முன்பு லேப்டாப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஆன்லைனில் வாங்கிய மலிவான யுஎஸ்பி மிடி கேபிளைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் புரிந்தது இதுதான்: மிடியில் வருகிற கோளாறு ஒவ்வொன்றுக்கும் வேர் 1983-ல் எடுத்த ஏதோ ஒரு முடிவில் இருக்கிறது. வரலாறு தெரிந்தால் பழுது பிடிபடும்.

அதற்கு முன்பு ஒரு கம்பெனி சிந்தசைசரும் இன்னொரு கம்பெனியுடையதும் பேசிக்கொள்ளாது. 1981-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித் ஒரு பொது இணைப்பை முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்டு நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் அதற்காக உழைத்தார். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிட்டர்-6 இரண்டையும் ஒரு கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் விதிமுறை வெளிவந்தது. உரிமத் தொகை எதுவும் கேட்கவில்லை. போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஏற்க வேண்டுமானால் விலை மலிவாக இருக்க வேண்டும். மற்ற முடிவுகள் பலவும் இதிலிருந்து வந்தவைதான்.

முதல் முடிவு: கேபிளில் தகவல் ஒரு திசையில் மட்டும் போகும். அனுப்புகிறவருக்கு, எதிரில் கேட்க ஆள் இருக்கிறதா என்றே தெரியாது. நம்ம ஆட்களுக்குச் சொன்னால் யுடிபி மாதிரி. ஆகவே கீபோர்டின் அவுட் லேப்டாப் பக்கத்து இன்னுக்குப் போக வேண்டும். என் கேபிளில் 'இன்' என்று எழுதிய முனையைக் கீபோர்டின் இன்னிலேயே செருகியிருந்தேன். மாற்றிப் போட்டதும் கேபிளின் விளக்கு, நான் கட்டையைத் தொடாமலே மினுக்கியது. 'நான் உயிரோடுதான் இருக்கேன்' என்று சில கீபோர்டுகள் 300 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை அனுப்பும் செய்தி அது. அப்படி மினுக்கினால் வயர் சரி என்று அர்த்தம்.

ஆனால் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இங்கே இரண்டாவது முடிவு: ரேடியோ, டேப் ரெக்கார்டர்களில் ஏற்கெனவே புழங்கிய ஐந்து பின் இணைப்பையே எடுத்துக்கொண்டார்கள். தகவலுக்கு 4, 5 என்ற இரண்டு பின்கள், கவசத்துக்கு 2. மற்ற இரண்டும் சும்மா. எங்க ஊர் தூத்துக்குடியிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. இருந்தும் உப்புக்காத்து விடவில்லை, பின்னெல்லாம் களிம்பு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். விளக்கு சீரானது.

அடுத்து பாட்டை ஓடவிட்டு லேப்டாப்பில் பதிந்தேன். நடுவில் ஒரு சுரம் நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது. மிடியில் கட்டையை அழுத்தியது ஒரு செய்தி, விட்டது வேறொரு செய்தி. இரண்டாவது தொலைந்தால் கட்டை அழுத்தியபடியே இருப்பதாகக் கணினி நம்பும். திருப்பிக் கேட்க வழியில்லை, பாதைதான் ஒருவழியாச்சே! வேகமும் செகண்டுக்கு 31,250 பிட்தான்: ஒரு மெகாஹெர்ட்ஸை 32-ஆல் வகுத்தால் கிடைப்பது. ஒரு சுரம் போய்ச்சேரக் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்டு ஆகும். இந்த மெதுவான வரத்தைக்கூட என் மலிவு கேபிள் முழுதாக வாங்கவில்லை. மொத்த நினைவகத்தையும் ஒரே மூச்சில் அனுப்பியபோது பாதியிலேயே நின்றுபோனது.

மூன்றாவது முடிவு, வாங்கும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர். செய்தி ஒளியாகத் தாண்டும். இரண்டு கருவிக்கும் மின்தொடர்பு கிடையாது. எர்த் வழியாக வரும் உறுமலைத் தடுக்க வைத்தது. மலிவு கேபிள்களில் அதைத்தான் சிக்கனம் பண்ணுகிறார்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நின்றால், சந்தேகப்பட வேண்டியது அங்கேதான்.

தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் நல்ல இன்டர்ஃபேஸ் இரவல் வாங்கினேன். தமிழ் சினிமாவுக்கு இந்தத் தொழில்நுட்பம் 80-களிலேயே வந்துவிட்டது. 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு கீபோர்டும் சீக்வென்சரும் தெரு வரைக்கும் பேச்சானது. எங்க ஊர்க் கோயில்களில் ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டு வந்ததும் அந்த அலையில்தான்.

பதினொரு பாட்டும் அன்று ராத்திரியே வந்துவிட்டன. தாளத்தைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுத்தான் பதிந்தேன். 1988-ல் தரப்படுத்திய மிடி ஃபைல் வடிவில் சேமித்தேன். ஃபைலில் சத்தம் கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, 127 வரைக்குமான கணக்கில் எவ்வளவு வேகமாக அழுத்தியது, அவ்வளவுதான். லேப்டாப்பில் வேறொரு பியானோ ஒலியில் ஓடவிட்டேன். அப்பாவுக்கு இடது கை எப்போதும் ஒரு நூல் பிந்தும். அது அப்படியே இருந்தது.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்கள். "சத்தம் வேற மாதிரி இருக்கு. ஆனா உங்கப்பா கைதாம்யா இது."

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கீபோர்டு கிடந்தால், பேட்டரியைக் கழற்றாமல் முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்: அவுட்-இன் திசை, பின் களிம்பு, விளக்கு, கடைசியாகக் கேபிளின் தரம். நான் முதல் இரண்டு நாளை லேப்டாப் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டே வீணடித்தேன்.